அறிக்கை கிடைத்தது, நன்றி

2003 அக்டோபர் 1. பிரம்மோற்சவத்துக்குப் பட்டு வஸ்திரம் எடுத்துக்கொண்டு திருமலைக்குப் போய்க்கொண்டிருந்தார் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு. அலிபிரியில் மக்கள் யுத்தக் குழுவினர் வைத்திருந்த கிளேமோர் கண்ணிவெடிகள் வெடித்தன. நாயுடு எலும்பு முறிவோடு உயிர் தப்பினார். கூட வந்த அமைச்சர் பொஜ்ஜல கோபாலகிருஷ்ண ரெட்டிக்கும் காயம். ஏழுமலையான்தான் காப்பாற்றினார் என்று திருப்பதி முழுக்கப் பேச்சு. நாயுடுவும் அப்படியே நம்பினார். நம்பியதோடு நிற்காமல், அனுதாப ஓட்டையும் பெருமாள் அள்ளிக் கொடுப்பார் என்று கணக்குப் போட்டுச் சட்டசபையைக் கலைத்தார். 2004-இல் 294 இடங்களில் அவர் கட்சிக்குக் கிடைத்தது 47. வெடிகுண்டு பெருமாள் இலாகா, ஓட்டுப்பெட்டி வேறு இலாகா போலிருக்கிறது.

புரட்சிக்காரர்கள் பக்கம் கணக்கு இதைவிட மோசம். பரதேசியும் பண்ணையாரும் ஒரே படியில் மூச்சு வாங்கும் மலையின் அடிவாரத்தில் வெடி வைத்தால் சனங்கள் திரண்டு வருவார்கள் என்று எந்த மத்தியக் கமிட்டி முடிவெடுத்ததோ! அதற்கு முந்தின வாரம் வரை நாயுடுவைத் திட்டிக்கொண்டிருந்த சித்தூர்க்காரன்கூட அன்றைக்கு உச்சுக் கொட்டினான்.

இத்தனைக்கும் சண்டை எதைப் பற்றி என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. நிலம். ஸ்ரீகாகுளம் எழுச்சிக் காலத்திலிருந்தே நிலம். சண்டையை நிறுத்த என்ன வழி என்பதிலும் சந்தேகம் இருந்ததில்லை. இருந்தாலும் நம் நாட்டில் ஒரு முறை உண்டு. எல்லாருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்வதற்கு ஒரு குழு போட வேண்டும். அந்தக் குழு உட்காரும், பயணப்படி வாங்கும், அறிக்கை கொடுக்கும். கொடுக்கும்போது ஒரு போட்டோ. அதற்குப் பிறகு அந்த அறிக்கையைப் பற்றி அரசாங்கம் பேசினால் என் பெயரை மாற்றி வைத்துக்கொள்கிறேன்.

நாயுடுவுக்குப் பின் வந்த ராஜசேகர ரெட்டி, மக்கள் யுத்தக் கட்சி மீதிருந்த தடையைப் புதுப்பிக்காமல் விட்டார். 2004 அக்டோபரில் ராமகிருஷ்ணா தலைமையில் அந்தக் கட்சிக்காரர்கள் நல்லமலைக் காட்டிலிருந்து இறங்கி வந்தார்கள். ஐதராபாத்தில் உள்துறை அமைச்சர் ஜானா ரெட்டியோடு நான்கு நாள் பேச்சு. நடுவில் நின்றவர்களில் முக்கியமானவர் எஸ்.ஆர்.சங்கரன், நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் பிறந்த ஐ.ஏ.எஸ். நெருக்கடி நிலைக் காலத்தில் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தபோது, சட்டம் வந்தால் அமல்படுத்த வேண்டும் என்று வெகுளியாக நம்பி, கிராமம் கிராமமாகப் போய் அடிமைப்பட்டவர்களிடம் நீங்கள் விடுதலை ஆகிவிட்டீர்கள் என்று சொன்னவர். அதனாலேயே பின்னால் வந்த முதல்வர் சென்னா ரெட்டிக்கு வேண்டாதவர் ஆனார். 1987-இல் அதே நக்சலைட்டுகள் கிழக்கு கோதாவரிக் காட்டில் அவரைக் கடத்தி வைத்திருந்தார்கள். வெளியே வந்தவர், கடத்தியவர்களைச் சுட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லவில்லை. பேசுங்கள் என்றார். 2005-இல் பத்மபூஷண் கொடுத்தார்கள், வேண்டாம் என்றார். இப்படிப்பட்ட மனிதரை வைத்துக்கொண்டும் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பக்கம் 'துப்பாக்கியைக் கீழே வை' என்றது, மறு பக்கம் 'நிலத்தைப் பங்கிடு' என்றது. 2005 ஜனவரியில் எல்லாம் முறிந்தது. ஆகஸ்ட் 15 அன்று காங்கிரஸ் எம்.எல்.ஏ. நரசி ரெட்டியை மாவோயிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாளில் தடை திரும்பி வந்தது.

பேச்சுக்கு வந்தவர்கள் என்ன ஆனார்கள்? ஜனசக்தி என்ற இன்னொரு குழுவின் ரியாஸ் 2005 ஜூலையில் 'என்கவுண்டர்'. ராமகிருஷ்ணா 2021-இல் காட்டுக்குள்ளேயே சிறுநீரக நோயில் போனார். சுதாகரை 2025 ஜூனில் பிஜாப்பூரில் சுட்டார்கள். மேசையில் வைத்த கோரிக்கைக் காகிதம் மட்டும் எந்தக் காயமும் இல்லாமல் எங்கோ பத்திரமாக இருக்கும்.

நிலப் பேச்சு சூடாக இருந்த அந்தக் காலத்தில்தான் ஆந்திர அரசு அமைச்சர் கோனேரு ரங்காராவ் தலைமையில் நிலக் கமிட்டி ஒன்றைப் போட்டது. அது 104 பரிந்துரைகளைக் கொடுத்தது. பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொண்டோம் என்று அரசு சொன்னது. ஏற்றுக்கொள்வதற்கு என்ன செலவு? ஒரு ஜி.ஓ. காகிதம், ஒரு சீல். நிலம் கொடுத்தால்தானே செலவு.

அப்புறம் டெல்லிக்கே ஞானம் வந்தது. 2006 ஏப்ரலில் பிரதமர் மன்மோகன் சிங், உள்நாட்டுப் பாதுகாப்புக்கு இதுவரை வந்ததிலேயே பெரிய சவால் நக்சலிசம்தான் என்று முழங்கினார். மே மாதமே திட்டக் கமிஷன் ஒரு நிபுணர் குழுவைப் போட்டது. தலைவர் டி.பந்தோபாத்யாய், மேற்கு வங்கத்தில் குத்தகை விவசாயிகளைப் பதிவு செய்த ஆபரேஷன் பர்காவை நடத்திக் காட்டியவர். உறுப்பினர்களில் சங்கரன், பி.டி.சர்மா, கே.பாலகோபால், பேலா பாட்டியா. போலீஸ் பக்கத்திலிருந்து உத்தரப் பிரதேசத்தின் முன்னாள் டி.ஜி.பி. பிரகாஷ் சிங். உளவுத்துறையின் முன்னாள் இயக்குநர் அஜித் தோவல். இந்தக் கடைசிப் பெயரை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

2008-இல் அறிக்கை வந்தது. தலைப்பு: 'தீவிரவாதம் பாதித்த பகுதிகளில் வளர்ச்சியின் சவால்கள்'. யாரையும் உறுத்தாத, யார் மேசையிலும் கிடக்கக்கூடிய தலைப்பு. உள்ளே இருந்ததோ வேறு. இது வெறும் சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இல்லை, நிலமற்றவர்களிடமும் ஆதிவாசிகளிடமும் வேர் விட்ட அரசியல் இயக்கம் என்றது. உபரி நிலத்தைப் பங்கிடு, பழங்குடி நிலத்தைப் பிடுங்குவதை நிறுத்து, பழங்குடிக் கிராம சபைக்கு அதிகாரம் தரும் 1996-இன் பெசா சட்டத்தையும் 2006-இன் வன உரிமைச் சட்டத்தையும் அமல்படுத்து, இடம்பெயர்த்தவனுக்கு மறுவாழ்வு கொடு, சல்வா ஜுடும் மாதிரி சனங்களுக்கே துப்பாக்கி கொடுத்துச் சனங்களைச் சுட வைக்கும் வேலையைக் கைவிடு, பேச்சு வார்த்தைக்குக் கதவைத் திறந்து வை.

அத்தனையும் நியாயம். ஒரு வரியைக்கூட மறுக்க எனக்கு மனசில்லை. ஆனால் என் கோபமே அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இதில் புதிது எது? நில உச்சவரம்புச் சட்டம் ஆந்திராவில் 1973-இலேயே வந்துவிட்டது. பழங்குடிப் பகுதியில் வெளியாள் நிலம் வாங்கக் கூடாது என்ற சட்டம் 1959-இல் வந்து 1970-இல் இறுக்கப்பட்டது. கொத்தடிமைச் சட்டம் 1976. ஆக, சண்டையை நிறுத்த நாட்டின் பெரிய மூளைகளெல்லாம் உட்கார்ந்து யோசித்துச் சொன்ன யோசனை: அரசாங்கம் தன் சட்டத்தைத் தானே மதிக்க வேண்டும். ராத்திரியில் மாட்டை ஓட்டி வந்து பயிரை மேய்க்கிறவனிடம் போய், 'அய்யா, வரப்பு அந்தப் பக்கம் இருக்கிறது' என்று கும்பிட்டு வழி காட்டுவது மாதிரி. அவனுக்கா வரப்பு தெரியாது?

குழுவின் தப்பு அதுதான். அரசாங்கத்துக்கு விஷயம் தெரியவில்லை, சொன்னால் புரிந்துகொள்ளும் என்று நம்பி எழுதினார்கள். எந்தக் கிராமத்தில் உபரி நிலம் யார் பினாமியில் இருக்கிறது என்று மண்டலத் தாசில்தாருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருக்கிற ஆர்.டி.ஓ.வுக்குத் தெரியும், அதை அனுபவிக்கிற எம்.எல்.ஏ.வுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். இவர்களில் யார் மேல் என்ன நடவடிக்கை, எந்தத் தேதிக்குள் என்று கேட்கிற வேலையைக் குழு எடுத்துக்கொள்ளவில்லை. 'நிர்வாகக் குறைபாடு', 'அரசியல் உறுதி தேவை' என்பதெல்லாம் யாரையும் கடிக்காத சொற்கள். அரசியல் உறுதிக்கு இந்த நாட்டில் எப்போது குறை இருந்தது? பிடுங்குவதில் காட்டிய உறுதியைப் போய்ப் பாருங்கள்.

சங்கரனுக்கும் பாலகோபாலுக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் உட்கார்ந்தார்கள். ஒருவேளை இந்த முறையாவது கேட்பார்கள் என்ற நப்பாசை. அரசாங்கத்துக்கு அந்த நப்பாசைதான் தேவை. நல்ல மனிதர்களை இரண்டு வருஷம் ஒரு அறையில் உட்கார வைத்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால், 'ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம்' என்று இரண்டு வருஷம் சொல்லலாம். பாலகோபால் 2009 அக்டோபரில் போய்ச் சேர்ந்தார். அடுத்த அக்டோபரில் சங்கரன். அதற்குள்ளேயே ஆபரேஷன் க்ரீன் ஹன்ட் என்று பத்திரிகைகள் பெயர் வைத்த வேட்டை தொடங்கியிருந்தது. அறிக்கையைக் கேட்டு வாங்கிய திட்டக் கமிஷனையே 2015 ஜனவரியில் இழுத்து மூடி, அந்த இடத்தில் நிதி ஆயோக் என்ற போர்டை மாட்டிவிட்டார்கள். அறிக்கை எங்கே என்று போய்க் கேட்க ஒரு கதவுகூட மிச்சமில்லை.

சரி, இதெல்லாம் பஸ்தர் காட்டுக் கதை, நமக்கென்ன என்று சித்தூரில் இருந்துகொண்டு சொல்ல முடியுமா? எந்த மாவட்டக் கலெக்டர் ஆபீஸுக்கும் ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். குறை கேட்கும் நாள். சந்திரபாபு 'மீ கோசம்' என்றார், ஜெகன் வந்து 'ஸ்பந்தனா' என்றார், மறுபடி சந்திரபாபு வந்து 'பிரஜா சமஸ்யல பரிஷ்கார வேதிகா' என்கிறார். போர்டு எழுதுகிற பெயின்டருக்கு மட்டும் ஒவ்வொரு ஆட்சியிலும் குறை தீர்கிறது. வாசலில் மர நிழலில் மனு எழுதுகிறவர் தொடையில் அட்டை வைத்துத் தெலுங்கில் எழுதிக்கொண்டே, எதிரில் குந்தியிருக்கும் கிழவியிடம் தமிழில் விவரம் கேட்பார். பிளாஸ்டிக் கவருக்குள் அரசு நிலத்தை ஏழைக்கு ஒதுக்கிய டி.கே.டி. பட்டா, அடங்கல் நகல், எப்போதோ வி.ஆர்.ஓ. கொடுத்த துண்டுச் சீட்டு, நாலாய் மடித்து மடித்து மடிப்பில் கிழிந்த போன ஆட்சி மனுவின் ரசீது. நிலம் 22-ஏ பட்டியலில் இருக்கிறது, விற்கவோ பதியவோ முடியாது. யார் சேர்த்தார்கள்? தெரியாது. யார் எடுப்பார்கள்? மேலே கேட்க வேண்டும். அந்த மேலே என்பது திருமலைக்கும் மேலே எங்கோ இருக்கிறது.

இன்னொரு வகை நிலம் உண்டு, 'சுக்கல பூமுலு', புள்ளி வைத்த நிலம். வெள்ளைக்காரன் காலத்து ரிஜிஸ்டரில் உரியவன் பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் எழுதுகிறவன் புள்ளி வைத்துவிட்டுப் போனான். அந்தப் புள்ளியைத் தாண்டப் பேரன்கள் கோர்ட்டுக்கு அலைகிறார்கள். அதற்குத் தனிச் சட்டமே 2017-இல் போட வேண்டி வந்தது. ஜெகன் மறுசர்வே நடத்தினார், பாஸ் புத்தகத்திலும் எல்லைக் கல்லிலும் தன் படத்தைப் போட்டுக்கொண்டார். தாத்தா உழுத மண்ணில் முதலமைச்சர் முளைத்தார். அடுத்த ஆட்சி வந்ததும் படத்தை எடுக்கச் செலவு. படம் போடவும் பணம் இருந்தது, படம் எடுக்கவும் பணம் இருந்தது.

ஆவணங்களை ஒழுங்காக வைக்க வேண்டும் என்று எத்தனை கமிட்டிகள் கேட்டிருக்கும்! 2024 ஜூலை 21 ராத்திரி மதனப்பள்ளி சப்-கலெக்டர் ஆபீஸில் தீப்பிடித்தது. எரிந்தவை நிலக் கோப்புகள். முதலமைச்சர் டி.ஜி.பி.யையே ஹெலிகாப்டரில் அனுப்பினார், பார்த்துவிட்டு இது விபத்து மாதிரித் தெரியவில்லை என்றார் அவர். நெருப்பு ஏழைக் குடிசைக்கும் வந்தது உண்டு. அங்கே ஹெலிகாப்டர் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

திருப்பதியைச் சுற்றிய சேஷாசலக் காட்டை விட்டுவிட முடியாது. 2015 ஏப்ரல் 7. செம்மரம் வெட்ட வந்தார்கள், கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது ஆந்திரச் செம்மரக் கடத்தல் தடுப்புச் சிறப்புப் படை. செத்தவர்கள் இருபது பேர், திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழர்கள், பாதிப் பேருக்கு மேல் மலையாளிப் பழங்குடிகள். போலீசில் ஒரு உயிர்ச்சேதமும் இல்லை. உலகத்திலேயே இப்படி ஒரு தரப்பு மட்டும் சாகும் யுத்தம் நம் பக்கத்துக் காடுகளில்தான் நடக்கும். முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள், பக்கத்து சீட்டில் பெண் இருந்ததால் என்னை விட்டுவிட்டார்கள் என்று ஒரு தொழிலாளி தேசிய மனித உரிமை ஆணையத்திடம் சொன்னார். ஆணையம் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது. அதுவும் பரிந்துரைதான். ஜவ்வாது மலைக்காரன் ஏன் திருப்பதிக் காட்டுக்குக் கூலிக்கு வருகிறான்? நிபுணர் குழு அமல்படுத்தச் சொன்ன வன உரிமைச் சட்டப்படி தமிழ்நாட்டில் அவனுக்குப் பட்டா கொடுக்க முடியாதபடி ஒரு கோர்ட்டு ஆணை 2008-இலிருந்து 2016 வரை குறுக்கே கிடந்தது. சொந்த மலையில் உரிமை இல்லை, அடுத்த மலையில் தோட்டா. அவன் வெட்டிய கட்டையை அரசாங்கம் கைப்பற்றி, டன் கணக்கில் ஏலம் விட்டு, கோடிகளை எண்ணிக்கொண்டது.

மாவோயிஸ்டு நண்பர்கள் யாராவது இதைப் படித்து மகிழ்ந்துகொண்டிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஆதிவாசியின் பெயரால் ஆதிவாசியையே உளவாளி என்று மரத்தில் கட்டிக் கொன்றவர்களுக்கு இந்த அறிக்கையைத் தூக்கிப் பிடிக்க எந்த யோக்கியதையும் இல்லை. நிலமில்லாதவன் கையில் நிலம் வருவதற்குள் துப்பாக்கியைக் கொடுத்தீர்கள். அந்தத் துப்பாக்கியைக் காட்டியே நிலத்தைப் பற்றிய பேச்சை ஆள்கிறவர்கள் மூடினார்கள். இரண்டு கட்சிக்கும் ஒருவரையொருவர் விட்டால் பிழைப்பு கிடையாது என்று ஆகிப்போனது.

அடுத்த குழுவில் உட்காரப் போகும் பெரியவர்களுக்கு ஒரு யோசனை. அரசாங்கம் உடனே ஏற்றுக்கொள்ளும்படி எழுதக் கற்றுக்கொள்ளுங்கள். நிலம் என்று எழுதாதீர்கள், முகாம் என்று எழுதுங்கள். காட்டுக்கு நடுவில் துணை ராணுவத்துக்குப் புது முகாம் வேண்டும் என்று எழுதினால் ராத்திரியோடு ராத்திரியாக வந்துவிடும். ரோடு போடச் சொல்லுங்கள், சுரங்க லாரியும் போகும் என்பதால் அதுவும் கிடைக்கும். பள்ளிக்கூடம் கேட்டால் நிதிநிலை பரிசீலிக்கப்படும். டிரோன் கேளுங்கள், உண்டு. சரணடைகிறவனுக்குப் பரிசுத்தொகை கேளுங்கள், விகிதப்படி அட்டவணையே தயாராக இருக்கிறது: எந்தத் தலைக்கு எத்தனை லட்சம், எந்தத் துப்பாக்கிக்கு எத்தனை. டி.கே.டி. பட்டாக்காரனுக்கு அப்படி ஒரு அட்டவணையை யாரும் கண்டதில்லை. முக்கியமாக, கொல்வதற்குக் கெடு கேளுங்கள். 2024 ஆகஸ்டில் ராய்ப்பூரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷா தேதியே சொன்னார்: 2026 மார்ச் 31-க்குள் நக்சலிசம் இருக்காது. 2025 மே 21-இல் மாவோயிஸ்டுத் தலைவர் பசவராஜுவைக் கொன்றார்கள். நவம்பர் 18-இல் நம் ஆந்திராவின் மாரேடுமில்லிக் காட்டில் மாவோயிஸ்டுத் தளபதி ஹிட்மாவை. காலண்டரைப் பார்த்து வேலை செய்யத் தெரிந்த அரசாங்கம்தான் இது. பெசா சட்டத்துக்கு இருபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது, அதற்கு ஒரு மார்ச் 31 ஏன் கிடைக்கவில்லை? உபரி நிலத்தைப் பங்கிட்டு முடிக்க ஒரு மார்ச் 31? 22-ஏ பட்டியலைச் சரி செய்ய ஒன்று?

இந்தக் கெடு வைத்த யுத்தம் நடக்கும்போது தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் யார்? நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அதே அஜித் தோவல். பேச்சுக்குக் கதவைத் திற என்ற அறிக்கையைக் கொடுத்த குழுவின் உறுப்பினர். 2014-இலிருந்து அந்த நாற்காலியில் இருக்கிறார். தான் உறுப்பினராக இருந்த குழுவின் அறிக்கையைத் தானே படிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்கூட அவருக்குக் கிடைத்திருக்காது, பாவம்.

படித்தவர் ஒருவர் உண்டு. 2011 ஜூலை 5 அன்று சல்வா ஜுடும் வழக்கில், பழங்குடி இளைஞர்களைச் சிறப்புப் போலீசாக்கித் துப்பாக்கி கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்த சுப்ரீம் கோர்ட்டு அமர்வின் மூத்த நீதிபதி பி.சுதர்சன் ரெட்டி. அந்தத் தீர்ப்பில் இந்த அறிக்கையை மேற்கோள் காட்டினார். 2025-இல் அவர் எதிர்க்கட்சிகளின் துணை ஜனாதிபதி வேட்பாளராக நம் திருப்பூர் சி.பி.ராதாகிருஷ்ணனை எதிர்த்து நின்றபோது, உள்துறை அமைச்சர் கொச்சியில் மேடையேறி, அந்தத் தீர்ப்பு மட்டும் வராமல் இருந்திருந்தால் 2020-க்குள்ளேயே நக்சலிசம் ஒழிந்திருக்கும் என்றார். ஆக, 2008-இல் வந்த அறிக்கையின் பேரில் பதினேழு வருஷத்தில் டெல்லி குற்றம் சாட்டிய ஒரே ஆள், அதைத் திறந்து படித்த நீதிபதிதான்.